தெரிந்த கல்

இப்போதெல்லாம் யாரும் யார் மூஞ்சியையும் பார்த்துப் பேசுவதில்லை. என்ன கேட்டாலும் ஒரு தாளை நீட்டுகிறார்கள், இல்லாவிட்டால் போனைத் திருப்பிக் காட்டுகிறார்கள். காய்ச்சலா என்று கேட்டால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க விடுவதில்லை, நம்பரைச் சொல்கிறார்கள். நேற்று இத்தனை அடி நடந்தேன் என்று ஒருத்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறான். உன் காலைக் கேளுடா, அது சொல்லாதா? அந்தக் கடிகாரத்தை யார் சோதித்தது என்று கேட்டேன். என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

நான் கேட்பேன். என் பிழைப்பே அதுதான். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. அதற்கப்புறம் தராசு ரிப்பேர். தட்டுத் தராசு, மேடைத் தராசு, இப்போது வருகிற பேட்டரித் தராசு எல்லாம் பார்ப்பேன். எதுவாக இருந்தாலும் முதலில் என் பெட்டியைத் திறந்து தெரிந்த கல்லை எடுத்து வைப்பேன். தெரிந்த கல் என்றால், இதன் எடை இவ்வளவுதான் என்று துளிச் சந்தேகம் இல்லாத கல். ஒரு கிலோக் கல்லுக்கு ஒரு கிலோ காட்டினால்தான் அந்தத் தராசோடு எனக்கு மேற்கொண்டு பேச்சு. கடைக்காரன் வாய்ச்சொல்லும் கம்பெனிக்காரன் சீட்டும் எனக்கு வேண்டாம்.

என் கடைக்கும் பக்கத்து பேக்கரிக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்கள் அடுப்பு மூட்டினால் என் பக்கமும் சுவர் சுடும். மழைக்காலத்தில் அதில்தான் என் துண்டைக் காயவைப்பேன். பேக்கரியை நடத்துகிறவர் ஊருக்கெல்லாம் மாஸ்டர். எனக்குத் தம்பி மாதிரி, பதினாறு வயது இளையவர். அடுப்பும் மாவும் அவர் பொறுப்பு. வாசல் மேசையில் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வீட்டுக்காரி.

மாஸ்டருக்கு ஒரு வித்தை உண்டு. பன்னுக்கு மாவை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் கிள்ளிப் போடுவார். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று, மேசையில் விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் அறுபது கிராம். நான் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் ஏதாவது ஓர் உருண்டையைத் திடீரென்று எடுத்துத் தராசில் போடுவேன். அறுபது. அல்லது ஐம்பத்தொன்பது. அறுபத்தொன்றைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

"என்னண்ணே, என் கையை இன்னும் நம்பலையா?" என்பார்.

"நாளைக்கும் பார்ப்பேன்" என்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கை மெதுவானது. அப்புறம் கால். நடுக்கம் பெரிதாக இல்லை. ஆள் இறுகிப் போனார். முகத்தில் அசைவு குறைந்து, சிரிக்கிறாரா கோபமா என்றே கண்டுபிடிக்க முடியாமல் ஆனது. குரல் உள்ளே போய்விட்டது. இரண்டு தடவை, சும்மா நின்றவர் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். இரண்டாவது தடவை கையில் சூடான தட்டு. முழங்கையில் வெந்த தழும்பு இன்னும் இருக்கிறது. உட்கார்ந்திருந்து எழுந்தால் கண்ணை இருட்டுகிறது என்பார். கை நடுக்க வியாதி என்று சொல்லி ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை வேளாவேளைக்கு உள்ளே போனது. வேறொன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் மாவு மூட்டை கொண்டுவருகிற லாரிக்காரர் வந்தார். அவருக்கும் அதே வியாதிதான். ஒரு வருஷமாக ஆளைக் காணோம். மண்டையில் ஓட்டை போட்டு மெல்லிசுக் கம்பி வைத்து ஆபரேஷன் செய்துகொண்டாராம். வந்தவர் வாசலில் நின்று, எல்லோரும் பார்க்க ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றி, மூன்று படி ஏறி இறங்கிக் காட்டினார். மாஸ்டர் வீட்டுக்காரி மேசையிலிருந்து எழுந்து அவர் ஏறிய படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றையிலிருந்து அவளுக்கு வேறு பேச்சில்லை. கம்பி வைக்க வேண்டும். கம்பி வைத்தால் மாஸ்டர் எழுந்துவிடுவார்.

ஒரு நாள் மத்தியானம், நல்ல மழை. பேக்கரி உள்ளறையில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து நனைந்துகொண்டு வந்தார்கள். மாஸ்டரை ஸ்டூலில் உட்காரவைத்து, தலையைத் துவட்டிக்கொண்டே அவள் சொன்னாள்.

"ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமான்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கணுமாம்ணே."

"மண்டையில கம்பி வைக்கிறதுக்கு ரத்தம் எதுக்கு?"

"இதே மாதிரி இன்னொரு வியாதி இருக்காம். நடை, பேச்சு, விழறது எல்லாம் அச்சு அசல் இதே மாதிரி. கம்பி வச்சா இதுக்குக் கேக்குமாம், அதுக்குக் கேக்காதாம். இருக்கிற பேச்சையும் விழுங்குறதையும் கெடுத்துக்கூட விட்டுருமாம்."

"அப்ப ரெண்டு வருஷமா எந்த வியாதிக்கு மாத்திரை குடுத்தாங்க?"

"அதையேதான் நானும் கேட்டேன். ஆரம்பத்துல பிரிச்சுச் சொல்றது கஷ்டமாம். மாத்திரை சரியாக் கேக்கலைங்கிறதாலதான் இப்ப சந்தேகம் வருதாம்."

"சந்தேகம் நமக்கில்ல வரணும்? சரி, ரத்தத்துல என்ன பார்ப்பாங்களாம்?"

"நரம்பு தேயறப்ப அதுலேருந்து ஏதோ உதிர்ந்து ரத்தத்துல கலக்குமாம். இந்த வியாதின்னா கம்மியா உதிரும். அந்த வியாதின்னா நிறைய உதிருமாம்."

"தலைக்குள்ள உதிர்றது கையில குத்தினா வருமா?"

"வருமாம்ணே."

"யாரு பார்த்தா?"

அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "உங்ககிட்ட வாயைக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று வாசல் மேசைக்குப் போய்விட்டாள்.

மாஸ்டர் ஏதோ முணுமுணுத்தார். காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"கம்பி வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு சாக்காண்ணே?"

"அப்படித்தான் தோணுது. இல்லாட்டி வேற ஏதோ. எனக்குப் பிடிபடல. ஆனா ஒண்ணு. அந்த மெஷினை யாராவது சோதிச்சிருக்காங்களா? தெரிஞ்ச கல்லை வைக்காம ஒரு தராசை நம்பலாமா?"

"ரத்தத்துக்கு ஏதுண்ணே தெரிஞ்ச கல்லு?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அது மண்டையில் ஏறிவிட்டது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன்.

"தம்பி, என் ரத்தம் இருக்கு. எழுபத்துநாலு வயசு. மேடைத் தராசைத் தனியாத் தூக்கி வண்டியில வைக்கிறேன். ஒரு மாத்திரை கிடையாது, ஒரு வியாதி கிடையாது. இதைவிடத் தெரிஞ்ச கல்லு எங்க கிடைக்கும்? உன் பேர்ல என் ரத்தத்தை அனுப்புவோம். சுத்தமா இருக்குன்னு வந்தா மெஷின் யோக்கியம், அப்புறம் உன்னோடதைக் குடு. வியாதின்னு வந்தா மெஷின் புளுகு. நேராப் போய்க் கம்பியை வைங்கன்னு சொல்லிடலாம்."

மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியாது.

"சரிண்ணே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவகிட்டச் சொல்ல வேண்டாம்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஊரில் எல்லோரையும் சந்தேகப்படுகிறவனுக்கு அன்றைக்கு மட்டும் வரவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

ரத்தம் எடுக்கிறவள் ஒரு காலையில் பேக்கரிக்கே வந்தாள். கனத்த உடம்பு, நடுவயது, ஒரு கையில் குடை, ஒரு கையில் ஐஸ் பெட்டி. வாசலில் ரொட்டிக்குக் கூட்டம். மாஸ்டர் வீட்டுக்காரி மேசையைவிட்டு எழ முடியாமல், உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"பேஷண்ட் யாரு?"

நான் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினேன். அவள் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் சீட்டைப் பார்த்தாள்.

"வயசு அம்பத்தெட்டா?"

ஸ்டூலிலிருந்து மாஸ்டர் மெல்லச் சொன்னார்.

"அடுப்புக்கிட்டயே நின்னு கொஞ்சம் அதிகமா வெந்துட்டாரு."

அந்த அம்மாள் குலுங்கிச் சிரித்தாள். "நீங்க?"

"தம்பி."

"நல்ல தம்பி" என்று சொல்லிக்கொண்டே ஊசியை ஏற்றினாள். கண்ணாடிக் குழாயில் என் ரத்தம் ஏறியது. மாஸ்டர் பேரை எழுதி ஒட்டி, பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு போனாள். "எடுத்தாச்சா?" என்று அவர் வீட்டுக்காரி வாசலிலிருந்து கேட்டாள். "எடுத்தாச்சு" என்றேன். பொய் இல்லையே. பஞ்சு ஒட்டிய இடத்தை மறைத்துச் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. நானும் கூடப் போனேன். போகாமல் இருப்பேனா?

டாக்டர் ஒரு பெண். தாளைத் தொடவில்லை. முதலில் மாஸ்டரை நடைக்கூடத்தில் நடக்கவிட்டுப் பார்த்தாள். பின்னால் நின்றுகொண்டு தோளைப் பிடித்து லேசாக இழுத்தாள். அவர் மரப்பலகை மாதிரி அவள்மேலேயே சாய்ந்தார். விழாமல் பிடிக்க ஆள் தயாராக நின்றது. படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள், எழுப்பி நிற்கவைத்து மறுபடியும் பார்த்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னாள், முதலில் ஒரு கை, அப்புறம் அடுத்த கை. ஆளைப் பார்க்கிறாளே என்று எனக்கே கொஞ்சம் திருப்தி. அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

எல்லாம் முடிந்துதான் தாளை எடுத்தாள்.

"இருபத்தேழு. இவர் வயசுக்குக் கூடத்தான். ஆனா நான் நினைச்ச அளவுக்குக் கூடல. எப்படி இருந்தாலும் ஆபரேஷன் வேண்டாம்னுதான் எனக்குப் படுது."

மாஸ்டர் வீட்டுக்காரி மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தாள். "அப்ப அந்த இன்னொண்ணுதானா?"

நான் சிரித்துவிட்டேன். சத்தமாகவே. மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, "மாட்டிக்கிட்டீங்க டாக்டரம்மா" என்றேன்.

"என்ன ஐயா?"

"அந்த ரத்தம் என்னோடது. கல்லு மாதிரி இருக்கேன் பாருங்க. எனக்கு வியாதின்னு சொல்லுது உங்க மெஷின்."

மாஸ்டர் வீட்டுக்காரி புருஷன் பக்கம் திரும்பினாள். "இவரு என்ன சொல்றாரு?" மாஸ்டர் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"எழுபத்துநாலு."

"எழுபத்துநாலு வயசுக்கு இருபத்தேழு சாதாரணம். வியாதியே இல்லாட்டியும் வயசு ஆக ஆக எல்லாருக்கும் நரம்பு கொஞ்சம் உதிரத்தான் செய்யும். சீட்டுல அம்பத்தெட்டுன்னு இருந்ததாலதான் கூடுதல்னு வந்திருக்கு. மெஷின் உங்களைச் சரியாத்தான் அளந்திருக்கு."

"அப்ப சீட்டைப் பார்த்து ஆளுக்கு ஆள் மாறுமா நம்பர்?"

"நம்பர் மாறல ஐயா. அதுக்கு என்ன அர்த்தம்கிறதுதான் ஆளைப் பொறுத்து மாறும். அதனாலதான் முதல்ல ஆளைப் பார்க்கிறேன். நீங்க செஞ்சது விளையாட்டில்ல. இதே நம்பர் கம்மியா வந்து, அதை நம்பி நான் இவர் மண்டையைத் திறக்கச் சொல்லியிருந்தா?"

இத்தனை வருஷத்தில் என் கல்லை யாரும் தேய்ந்த கல் என்று சொன்னதில்லை. அவள் அப்படிச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

அப்போதே ஆளைக் கூப்பிட்டு, மாஸ்டர் பேரையும் பிறந்த தேதியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தன் கண் முன்னாலேயே அவர் கையிலிருந்து ரத்தம் எடுக்க வைத்தாள்.

வெளியே மரத்தடியில் ஆட்டோவுக்கு நின்றோம். மாஸ்டரைச் சிமெண்டுப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவர் வீட்டுக்காரி என் பக்கம் வந்தாள்.

"எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் கூட்டு, இல்ல?"

"மெஷினைச் சோதிக்கத்தான்ம்மா."

"உங்க கடைத் தராசாண்ணே இது? பத்து நாளா எனக்குச் சோறு இறங்கல. என்ன வரும், என்ன வரும்னு ஒவ்வொரு நாளும் செத்துப் பொழைச்சேன். உங்க ரத்தத்துக்காகவா நான் அவ்வளவும் பட்டேன்?"

"மெஷின் தப்புன்னு வந்தா உனக்கும் நல்லதுதானேன்னு..."

"எது நல்லதுன்னு என்னைக் கேட்டீங்களா?"

"அவரைத் திட்டாத" என்றார் மாஸ்டர் பெஞ்சிலிருந்து. குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. "நான்தான் சரின்னு சொன்னேன்."

"நீங்க ஏன் சொன்னீங்க?"

அவருக்கு வார்த்தை சேர்வதற்கு நேரம் ஆகும். ஒரு ஆட்டோ வந்து, நிற்காமல் போய்விட்டது.

"இன்னும் பத்து நாள் தெரியாம இருக்கலாமேன்னு."

அவள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கடைவாயில் எச்சில் வழிந்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள். ஆட்டோவில் மூன்று பேருக்கு இடம் இருந்தது. நான் நடந்து வந்தேன்.

அடுத்த முடிவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்று, அவளே என் கடை வாசலில் நின்று சொன்னாள்.

"அம்பத்துமூணாம்ணே."

"எதுக்கு அம்பத்துமூணு?"

"அவரோட ரத்தத்துக்கு. உங்களோடதைப் போல ரெண்டு மடங்கு."

"ஒரு நம்பரை வச்சுக்கிட்டு..."

"நம்பர் மட்டும் இல்லைன்னுதான் டாக்டரம்மாவும் சொன்னாங்க. எழுந்து நின்னா ரத்த அழுத்தம் விழுது, மாத்திரை கேக்கல, சீக்கிரமே விழ ஆரம்பிச்சுட்டாரு. அந்தக் கம்பி வைக்கிற வியாதின்னா பெரும்பாலும் ஒரு பக்கம்தான் மோசமா இருக்குமாம். இவருக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காம். எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா அந்த இன்னொண்ணுதானாம். கம்பி கிடையாது."

"வேற ஆஸ்பத்திரியில கேட்டியா?"

"கேக்கல. கேக்கவும் போறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் நம்பவில்லை. ஐம்பத்துமூன்றாம், யார் பார்த்தது? ஆனால் அவள் சொன்னதில் ஒன்று மட்டும் மண்டையில் நின்றது. ஒரு பக்கம், இரண்டு பக்கம். அதற்கு ஊசி வேண்டாம், மெஷின் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். என் பெட்டி போதும்.

மறுநாள் மத்தியானம் பெட்டியோடு பேக்கரிக்குப் போனேன். உள்ளறையே மாறியிருந்தது. வழியில் கிடந்த மாவு டின்களெல்லாம் மூலைக்குப் போய்விட்டன. அடுப்படியிலிருந்து கழிவறைவரை சுவரோடு ஒரு இரும்புப் பைப்பு, இடுப்பு உயரத்துக்கு, புதிதாக அடித்திருந்தது. அடுப்பு முன்னால் மாஸ்டர் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள், புடவையை இழுத்துச் செருகி, கையில் தட்டு இழுக்கிற நீளக் கட்டையோடு, நெற்றியெல்லாம் மாவு. வாசல் மேசையில் அவள் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணே" என்றாள் திரும்பாமலே. "பிளம்பர் காலையிலதான் அடிச்சுட்டுப் போனாரு. அந்தப் பைப்பைக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்க. அவர் வெயிட்டைத் தாங்குமா?"

"அந்த டாக்டர் சொன்னதை நம்பித்தான் இதெல்லாமா?"

"நம்பினா என்ன, நம்பாட்டி என்னண்ணே? விழாம இருக்கணும். ஆட்டிப் பாருங்க."

இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒவ்வொரு திருகாணியையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். நல்ல வேலைக்காரன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மாஸ்டர் மேசைப் பக்கம் ஸ்டூலில் இருந்தார். பிசைந்த மாவு ஈரத் துணியின் கீழ் உப்பிக் கிடந்தது. துணியை விலக்கினேன்.

"தம்பி, பத்து உருண்டை கிள்ளு. இந்தக் கையில அஞ்சு, அந்தக் கையில அஞ்சு."

"இப்பவாண்ணே?"

"இப்பத்தான்."

அவர் கிள்ளினார். முன்பு மூச்சு விடுகிற நேரத்தில் முடிகிற வேலை. அடுப்பிலிருந்து ஒரு தட்டு வெளியே வந்து அடுத்த தட்டு உள்ளே போகிறவரை ஆயிற்று. வலது கை உருண்டைகளை ஒரு பக்கம் வைத்தேன், இடது கை உருண்டைகளை ஒரு பக்கம். மேசைமேல் இருந்த பேக்கரித் தராசை இழுத்து, முதலில் தெரிந்த கல். ஒரு கிலோ என்று காட்டியது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வலது கை: நாற்பத்தொன்று, எழுபத்திரண்டு, ஐம்பது, முப்பத்தெட்டு, அறுபத்தாறு.

ஒரு கை மோசமாக இருக்கட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரே ஒரு கை. அடுத்த கை பழையபடி அறுபது, ஐம்பத்தொன்பது, அறுபது என்று விழுந்தால் நாளைக்கே இவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

இடது கை: நாற்பத்துமூன்று, எழுபது, நாற்பத்தெட்டு, முப்பத்தொன்பது, அறுபத்தைந்து.

கடைசி உருண்டையை எடுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னண்ணே, எந்தக் கை மோசம்?" என்றார் மாஸ்டர்.

அந்த முகத்தில் இன்னும் ஒன்றும் படிக்க முடியவில்லை. ஆனால் கண் மட்டும் என்னை விடாமல் பார்த்தது. நான் கல்லை மறுபடியும் தராசில் வைத்தேன். ஒரு கிலோ. எடுத்துத் துடைத்து வைத்தேன். ஒரு கிலோ.

"தராசுல ஏதோ கோளாறு" என்றேன்.

"போன வாரம்தானே நீங்களே பார்த்துச் சரி பண்ணிக் குடுத்தீங்க?"

"அதான் சொல்றேன், கோளாறு இருக்குன்னு. உள்ள மாவு போயிருக்கும். ஈரமா இருக்கும். பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

அடுப்புக்குள் போய்வந்துகொண்டிருந்த கட்டை நின்றது. மாஸ்டர் வீட்டுக்காரி திரும்பி என்னைப் பார்த்தாள், மேசையில் இரண்டு வரிசையாகக் கிடந்த உருண்டைகளைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றாள். "மெதுவாவே பாருங்க. அவசரம் இல்ல."

பத்து உருண்டையையும் அவளே வாரி மாவோடு சேர்த்துப் பிசைந்துவிட்டாள்.

தராசை ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெட்டியை இன்னொரு கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் பைப்பில் கை உரசுகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் எழுந்து நடக்கிறார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஐம்பத்துமூன்றாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரியாம். முதலில் இந்தத் தராசைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அதில் என்னவோ இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே என் கடையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன்.